நீல ஹைட்ரேஞ்சியா நிறம் மாறினால் முதலில் மண்ணைப் பாருங்கள்

"போன வருடம்வரை நீலமாகப் பூத்த ஹைட்ரேஞ்சியா இப்போது ரோஸ் நிறமாகிவிட்டது. எவ்வளவு படிகாரம் போடலாம்?" குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீட்டுத் தோட்டங்களைப் பார்க்கப் போகும்போது என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். படிகாரம் அலுமினியம் கலந்த உப்பு. கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே அதில் ஒரு கட்டியை வேரடியில் புதைத்தும் இருப்பார்கள். அதைத் தோண்டி எடுக்கச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவேன்.

நீலகிரி மண் பெரும்பாலும் அமிலத்தன்மை உள்ளது. தேயிலை இங்கே செழிப்பதற்கும் அது ஒரு காரணம். அமில மண்ணில் அலுமினியம் கரைந்து நிற்கும். வேர் அதை உறிஞ்சிப் பூவரை கொண்டுபோகும். பூவில் உள்ள டெல்ஃபினிடின் நிறமி அலுமினியத்தோடு சேரும்போது நீலம் பிறக்கிறது. சேராவிட்டால் இளஞ்சிவப்பு. மண்ணின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் கூடுதல்) 5 முதல் 5.5 வரை இருந்தால் நல்ல நீலம் வரும், 6.5-ஐத் தாண்டினால் இளஞ்சிவப்பு, நடுவில் ஊதா. பி.எச். ஏறினால் அலுமினியம் மண்ணைவிட்டுப் போய்விடுவதில்லை, வேருக்கு எட்டாதபடி கரையாமல் கிடக்கிறது. ஆகவே, பி.எச்.-ஐ ஏற்றியது எது என்றுதான் முதலில் தேட வேண்டும்.

ஒரு வீட்டில் சுவரோரம் நின்ற ஒரே செடியில் சுவர்ப்பக்கத்துக் கொத்துகள் இளஞ்சிவப்பாகவும் வாசல்பக்கத்துக் கொத்துகள் நல்ல நீலமாகவும் இருந்தன. சுவருக்கு அடித்த சுண்ணாம்பு மழையில் வழிந்து, அடிமண்ணில் வெள்ளையாகப் படிந்திருந்தது. கொத்திப் பார்த்தால், உள்ளே பழைய சிமெண்ட் பூச்சு உதிர்ந்து கிடந்தது. அந்தச் செடிக்கு எந்த உரமும் தேவைப்படவில்லை. சுவரைவிட்டு இரண்டடி தள்ளி வேறு குழியில் நட்டால் போதும் என்றேன்.

சுண்ணாம்பு வரும் வழிகள் இன்னும் உண்டு. கேரட், முட்டைக்கோஸ் பாத்திக்குத் தூவும் டோலமைட் சரிவில் இறங்கிப் பூச்செடிக்கு வந்துவிடும். செடிக்கு நல்லது என்று நம்பி வீட்டில் போடும் விறகுச் சாம்பலும் முட்டை ஓடும் அதே வேலையைத்தான் செய்கின்றன. போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் தொட்டி விளிம்பில் வெள்ளை படியும்; அப்படிப்பட்ட தண்ணீரைத் தவிர்த்து மழைநீரைப் பிடித்து ஊற்றுங்கள். டிஏபி, சூப்பர் பாஸ்பேட், எலும்புத்தூள் ஆகியவற்றில் உள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) அலுமினியத்தைக் கட்டிப்போட்டுவிடும். நீலம் வேண்டுமென்றால் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். துருப்பிடித்த ஆணியைப் புதைப்பதால் பயனில்லை. நீலத்தைக் கொடுப்பது இரும்பு அல்ல.

இவையெல்லாம் சரியாக இருந்தும் நிறம் திரும்பவில்லையென்றால், அரசு மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணைக் கொடுத்துப் பி.எச். பாருங்கள். அதற்குப் பிறகுதான் அலுமினியம் சல்ஃபேட். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 முதல் 4 கிராம், மாதத்துக்கு ஒருமுறை, முந்தின நாளே நனைத்து வைத்த மண்ணில், இலைமேல் படாமல் ஊற்ற வேண்டும். மொட்டு வைப்பதற்குச் சில மாதங்கள் முன்பே தொடங்குங்கள். விரிந்த பூ இதனால் நீலமாகாது. அளவு மீறினால் இலை விளிம்பு தீய்ந்துபோகும். செடியைப் பிடுங்கினால் மெல்லிய வேர்களெல்லாம் பழுப்பேறிக் குட்டையாக நிற்கும். அந்த நிலைக்கு வந்த செடியைக் காப்பாற்றுவது மிகக் கடினம். வெள்ளைப் பூ ரகத்துக்கு எதை ஊற்றினாலும் நீலம் வராது. ஆசைப்பட்டு அதை வதைக்க வேண்டாம்.

பூவே வரவில்லை என்பவர்களிடம் நான் கேட்பது கவாத்தைப் பற்றி. குளிர்காலத்தில் ரோஜாவை வெட்டும் கையோடு ஹைட்ரேஞ்சியாவையும் தரையோடு வெட்டிவிடுகிறார்கள். பரவலாக வளர்க்கப்படும் ரகங்கள் முந்தின பருவத்துக் கிளையில்தான் அடுத்த பூவுக்கான மொட்டைத் தாங்கி நிற்கும். வெட்டினால் அந்த வருடப் பூ போயிற்று. பூ முடிந்தவுடனேயே, வாடிய கொத்துக்குக் கீழே பருத்த கணு மொட்டு ஜோடி வரை மட்டும் கத்தரியுங்கள். உதகையில் டிசம்பர், ஜனவரி உறைபனி அந்த மொட்டுகளைக் கருக்கிவிடும். இரவில் சாக்கு போர்த்துங்கள்.

சுற்றுலா வந்தவர்கள் தொட்டியோடு வாங்கிச் சமவெளிக்குக் கொண்டுபோகிறார்கள். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் குளிர்ந்த இரவும் கேட்கும் செடி இது. சென்னைக் கோடையில் வாடித்தான் போகும் என்பதைத் தெரிந்து வாங்குங்கள்.

இன்னொன்று. இதன் இலை, மொட்டு, தண்டு எல்லாவற்றிலும் உடலுக்குள் சயனைடை வெளியிடக்கூடிய பொருள் இருக்கிறது. கவாத்து செய்த கிளைகளை ஆடுமாடு மேயும் இடத்தில் எறியாதீர்கள். பூக்கொத்தைச் சாப்பாட்டுத் தட்டில் அலங்காரமாக வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். குழந்தை மென்றுவிட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது இலையையும் எடுத்துச் சென்று காட்டுங்கள்.