வினாகிரிப் போத்தலில் ஒரு கோழி எலும்பு

வெள்ளவத்தை முன்பள்ளி ஒன்றில் முதன்முறை பேசப் போனபோது பிளாஸ்டிக் எலும்புக்கூடு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். உறையைக் கழற்றியதும் முன்வரிசைச் சிறுமி வீரிட்டு அழுதாள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இத்தனை வருடம் இயன்மருத்துவராக இருந்தும், எலும்புக்கூடு என்றால் பிள்ளைகளுக்குப் பேய் என்பது எனக்கு உறைக்கவில்லை.

இப்போது ஒரு போத்தலோடு மட்டும் போகிறேன். அதற்குள் வினாகிரியில் ஐந்தாறு நாள் ஊறிய கோழிக்கால் எலும்பு. முதலில் பிள்ளைகள் தங்கள் கையையே தடவி எண்ணுவார்கள். மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை ஒரு கையில் 27 எலும்புகள். எல்லாம் அகப்படாது, ஆனால் தேடும் ஆவலில் பயம் போய்விடும். பிறகு ஊறாத எலும்பைக் கொடுப்பேன். வளையாது. ஊறியதைக் கொடுத்தால் ரப்பர் போல வளையும். கல்சியத்தை அமிலம் கரைத்துவிட்டது, மிஞ்சியது கொலாஜன் என்னும் புரத நார். உறுதிக்குக் கல்சியம், நொறுங்காமல் தாங்குவதற்கு நார். நான் அதிகம் பேச வேண்டியதில்லை.

பெரியவர்களிடம்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. பிறக்கும்போது ஏறத்தாழ 300 துண்டுகளாக இருப்பவை வளர வளர ஒன்றுசேர்ந்து 206 எலும்புகளாகின்றன. பிள்ளைகளின் நீள எலும்புகளின் முனைகளில் வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதி உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். அவர்களின் எலும்பு பச்சைக் கொம்பு போல, முற்றாக முறியாமல் ஒருபக்கம் பிளந்து வளையும். அதனால் முறிவு வெளியே தெரியாமலும் போகலாம். விழுந்து ஒரு வாரம் எண்ணெய் போட்டு உருவிய பிறகு, வீங்கிய மணிக்கட்டோடு என்னிடம் வந்த பையன் ஒருவன் நினைவுக்கு வருகிறான். “விரல் அசைகிறதுதானே” என்றார் அப்பா. முறிந்த கையிலும் விரல் அசையும். எலும்பை அழுத்தினால் வலிக்கிறது, பிள்ளை அந்தக் கையைப் பாவிக்க மறுக்கிறது என்றால் உருவாதீர்கள். மடித்த பத்திரிகைத் தாளை அணையாக வைத்து, சால்வையால் தாங்கிக் கட்டி எக்ஸ்ரேக்குக் கொண்டுபோங்கள். பொரளையில் சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது.

அடுத்தது வெயில். இத்தனை வெயிலடிக்கும் கொழும்பில் தொடர்மாடியிலிருந்து பள்ளி வான், வானிலிருந்து வகுப்பறை என்று பிள்ளையின் நாள் நிழலிலேயே கழிகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்தும் பயனில்லை. கல்சியத்தை உடல் எடுத்துக்கொள்ள உதவும் விற்றமின் டியைத் தோலில் உண்டாக்கும் சூரியக் கதிரைக் கண்ணாடி மறித்துவிடும். நாம் நம்பும் காலை இளவெயிலிலும் அந்தக் கதிர் மிகக் குறைவு. பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கணக்கு இது: உன் நிழல் உன்னைவிடக் குட்டையாக இருக்கும்போது சிறிது நேரம் வெளியே விளையாடு. தோல் கருகும்வரை நிற்கச் சொல்லவில்லை.

பால்மா விளம்பரங்கள் பற்றி எனக்கு எரிச்சல் உண்டு, அதை வேறொரு நாள் எழுதுகிறேன். கல்சியத்துக்குத் தயிர், எள்ளுருண்டை, முள்ளோடு மெல்லும் நெத்தலி எல்லாம் வெள்ளவத்தைச் சந்தையிலேயே கிடைக்கும். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கும் மேல் கல்சியம் இருக்கிறது. குரக்கன் பிட்டை நீரிழிவுக்காரரின் சாப்பாடு என்று அம்மப்பாவுக்கு ஒதுக்கிவிட்டோம்.

நீச்சல் வகுப்புக்கு அனுப்புகிறோம், போதாதா என்று கேட்கிறார்கள். நல்ல பயிற்சிதான். ஆனால் உடலின் பாரத்தை நீர் தாங்கிக்கொள்வதால் எலும்புக்குப் பெரிய வேலையில்லை. குதித்து இறங்கும்போது விழும் அதிர்ச்சிதான் எலும்பைத் தடிக்க வைக்கிறது. கயிறடித்தல், கெந்துதல், கிளித்தட்டு போதும். மாலையில் காலிமுகத்திடலுக்குப் போனால் பட்டம் வாங்கிக் கொடுத்து ஓடவிடுங்கள்.

போன மாதம் ஒரு பையன் போத்தலை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்: “அச்சாறு சாப்பிட்டால் என் காலும் வளையுமா?” வயிற்றில் ஏற்கெனவே வினாகிரியைவிடக் கடுமையான அமிலம் இருக்கிறது, அது எலும்புவரை போகாது என்று விளக்கினேன். தலையாட்டினான். இடைவேளையில் பார்த்தால், தன் மாங்காய் அச்சாறைப் பக்கத்துப் பிள்ளையின் பெட்டிக்குள் மெதுவாகத் தள்ளிக்கொண்டிருந்தான்.