6 வயதுக்கும் 12 வயதுக்கும் ஒரே எழுத்துப் பாடம்

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோர் பலருக்கும் ஒரு கவலை உண்டு: 6 வயதுத் தம்பி, 9 வயது அக்கா, 12 வயது அண்ணன் மூவருக்கும் தனித்தனியே பாடம் எடுக்க நேரம் ஏது? கணக்குப் பாடத்தில் அது நியாயமான கவலை. ஆனால் பிழையின்றித் தமிழ் எழுதப் பழக்குவதற்குத் தனித்தனிப் பாடம் தேவையே இல்லை. ஒரே வாக்கியத்தை மூவருக்கும் கொடுக்கலாம்.

சொல் மனத்தில் படமாகப் பதிகிறது என்றுதான் நம்மில் பலர் நம்புகிறோம். உண்மையில், சொல்லில் உள்ள ஒலிகளை அவற்றுக்குரிய எழுத்துகளோடு பிணைத்துத்தான் மூளை நினைவில் வைக்கிறது. பொருளும் சேரும்போது பிடி இறுகுகிறது. வாசிப்பு ஆய்வாளர் லின்னியா ஏரி நீண்ட காலமாக விளக்கி வருவது இதைத்தான். ஆகவே பார்த்துப் பார்த்துப் பத்துத் தடவை எழுதச் சொல்வதால் பெரிய பயன் இல்லை. கை எழுதிக்கொண்டே போகும், மனம் வேறெங்கோ இருக்கும்.

தமிழில் 247 எழுத்துகள் இருந்தாலும் பிள்ளைகள் தடுமாறும் இடங்கள் சிலவே. ண, ந, ன அவற்றில் முக்கியமானவை. ‘பண்டம்’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ‘ட’வுக்காக நாக்கின் நுனி மேல்நோக்கி வளைகிறது, அதற்கு முன்பே, ‘ண்’ ஒலிக்கும்போதே, அது அங்கே போய்விடுகிறது. ‘பந்தம்’ சொன்னால் நாக்கு பல்லுக்குப் பின்னால் நிற்கிறது. அதனால்தான் ‘ட’வுக்கு முன் ண், ‘த’வுக்கு முன் ந், ‘ற’வுக்கு முன் ன். டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று பழைய ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்ததில் இந்த விதி முழுவதும் அடங்கியிருக்கிறது.

இன்னும் அழகான விஷயம் ல், ள். கல் கற்கள் ஆகிறது, முள் முட்கள் ஆகிறது. நில் என்பது நிற்க, கேள் என்பது கேட்க. பொன்னால் ஆனது பொற்காசு, மண்ணால் ஆனது மட்பாண்டம். ல், ன் இரண்டும் ற் ஆகின்றன. ள், ண் இரண்டும் ட் ஆகின்றன. அந்தந்தக் கூட்டத்துக்குள் நாக்கு தொடும் இடம் ஒன்றே என்பதால் வந்த உறவு இது. ‘முல்’லா ‘முள்’ளா என்று சந்தேகம் வந்தால் பன்மையைச் சொல்லிப் பார்த்தால் போதும்.

ழகரத்துக்கு இப்படிக் கைகொடுக்கும் விதி குறைவு. அது சொல்லின் முதலில் வராது, இரட்டிக்காது. மற்றபடி மழை, வாழை, கிழமை என்று ஒவ்வொன்றாகப் பழக வேண்டியதுதான். வீட்டில் பெரியவர்கள் ‘மளை’ என்று சொன்னால் குழந்தையின் காது என்ன செய்யும்? இங்கே திருந்த வேண்டியது முதலில் நம் நாக்கு.

இனி வாக்கியம்: ‘முற்றத்தில் நின்ற கன்று கல்லையும் முள்ளையும் தாண்டி ஓடியது.’ தம்பி கல், முள் இரண்டை மட்டும் எழுதட்டும்; நாக்கு எங்கே தொட்டது என்று சொல்லட்டும். அக்கா முழுவதும் எழுதி, ‘கன்று’, ‘தாண்டி’ இரண்டிலும் பக்கத்து எழுத்தைக் காட்டட்டும். அண்ணன் கற்கள், முட்கள் என்று சான்று தரட்டும். ‘நில்’ எப்படி ‘நின்ற’ ஆனது என்றும் விளக்கட்டும். விளக்கும்போது அவனுக்கே பாடம் தெளிவாகும்.

பிறகு மூடிவைத்து, நினைவிலிருந்து எழுத வேண்டும். உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். அவர்கள் படித்தவை உரைநடைப் பத்திகள். எழுத்துப் பயிற்சியிலும் இதே பலன் கிடைப்பதை வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எழுதியதும் பிள்ளையே மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். மறுநாளும், சில நாள் விட்டும் அதே சொற்களைக் கேட்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். தம்பியின் தாளை அண்ணன் திருத்தக் கூடாது. ‘பன்மை என்ன?’ என்று துப்பு மட்டும் கொடுக்கலாம். எழுத்தைக் கண்டுபிடிப்பது தம்பியின் வேலை.