வளைகுடாப் போர் நோய்: அளவு பதியப்படாத நஞ்சைத் தேடிய ஆராய்ச்சி

பூச்சிமருந்து உடலில் ஏறிய ஒருவரைச் சென்னை அரசு பொது மருத்துவமனைக்குக் கொண்டுவந்தால், அவசர சிகிச்சைப் பிரிவில் பணியிலிருக்கும் மருத்துவர் முதலில் டார்ச் அடித்து அவருடைய கண்மணியைப் பார்ப்பார். கண்மணி குண்டூசி முனையளவுக்குச் சுருங்கி, வாயில் உமிழ்நீர் வழிந்து, உடல் வியர்த்து, மூச்சில் கரகரப்பும் கேட்டால், உறவினர்கள் கையோடு எடுத்துவந்த புட்டியின் பெயரைப் படிப்பதற்கு முன்பே அது ஆர்கனோபாஸ்பேட் வகை என்று ஊகித்துவிடுவார். அட்ரோபின் ஊசி ஏறத் தொடங்கும். மூச்சின் கரகரப்பு அடங்கும்வரை அதன் அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். நஞ்சும் நோயாளியும் ஒரே இடத்தில், சில மணி நேர இடைவெளிக்குள் கிடைத்துவிடுவதால், எது எதனால் வந்தது என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. இதே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த பொருள்கள் மிகச் சிறு அளவில் ஆயிரக்கணக்கானோர்மீது பட்டு, அவர்கள் பல மாதங்கள் கழித்து வேறுவிதமாக நோயுற்றால், காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? 1991 வளைகுடாப் போரில் பங்கேற்ற அமெரிக்கப் படைவீரர்களின் நோய் அப்படிப்பட்ட புதிர். அதை அவிழ்க்க அந்நாட்டு அரசு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணம் செலவழித்துவருகிறது.

1990 ஆகஸ்டில் இராக் குவைத்தைக் கைப்பற்றியதையும், அங்கே வேலைக்குப் போயிருந்த நம்மவர்கள் ஏர் இந்தியா விமானங்களில் திரும்பி வந்ததையும் நினைவில் வைத்திருப்பவர்கள் சென்னையில் இன்றும் உண்டு. அடுத்த பிப்ரவரியில் நடந்த தரைப்போர் ஏறத்தாழ 100 மணி நேரத்தில் முடிந்தது. ஏழு லட்சத்துக்குச் சற்றே குறைவான அமெரிக்கப் படையினர் அந்தப் போருக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். உயிரிழப்பு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகவே இருந்தது. ஆனால் ஊர் திரும்பியவர்களில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையிலானோர் தீராத களைப்பு, தசை மூட்டு வலி, மறதி, தூக்கக் கோளாறு, தலைவலி, வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு என்று ஒன்றோடொன்று ஒட்டாத பல தொல்லைகளைச் சொல்லத் தொடங்கினார்கள். வழக்கமான இரத்தப் பரிசோதனையில் எதுவும் தென்படவில்லை. போர்க்கள மன அழுத்தம்தான் காரணம் என்ற விளக்கம் முன்வைக்கப்பட்டது. நூறு மணி நேரத்தில் முடிந்த ஒரு தரைப்போர், ஆண்டுக்கணக்கில் நீண்ட வேறு போர்களைவிடக் கூடுதலான உடல் நோயை எப்படி விட்டுச்சென்றது என்ற கேள்வியை அந்த விளக்கம் தொடவே இல்லை.

ஆய்வுக்கூடச் சோதனையால் உறுதிசெய்ய முடியாத நோயை ஆராய வேண்டுமானால், யார் நோயாளி, யார் நோயாளி அல்லர் என்று பிரிக்க முதலில் ஒரு வரையறை வேண்டும். 1998இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் ஒரு வரையறையையும், 2000இல் கான்சாஸ் மாநில ஆய்வில் லியா ஸ்டீல் மற்றொன்றையும் வகுத்தார்கள். பின்னதன்படி ஆறு அறிகுறித் தொகுதிகளில் குறைந்தது மூன்றிலாவது கணிசமான தொல்லை இருந்தாக வேண்டும். அதை விளக்கக்கூடிய வேறு நோயும் இருக்கக்கூடாது. முன்னது தளர்வானது என்பதால் நோயில்லாதவர்கள் பலரும் அதற்குள் வந்துவிடுவார்கள். வரையறை தளர்ந்தால் உண்மையான தொடர்பும் கணக்கில் கரைந்துபோகும் என்பதால், இந்தச் சலிப்பூட்டும் வேலைதான் பின்வந்த ஆய்வுகளுக்கெல்லாம் அடித்தளமாக அமைந்தது.

இனி நஞ்சுக்கு வருவோம். நரம்பு முனை தசையை இயக்க அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. வேலை முடிந்ததும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி அதை உடனே சிதைத்து, அடுத்த சைகைக்கு இடம் விடுகிறது. ஆர்கனோபாஸ்பேட்டுகள் இந்த நொதியைப் பற்றிக்கொண்டு முடக்கிவிடுவதால் சைகை நிற்காமல் தொடர்கிறது. வயலில் அடித்துவந்த மோனோகுரோட்டோபாஸ், கரையானுக்கு அடிக்கும் குளோர்பைரிபாஸ், போர்க்கள நச்சுவாயுவான சரின் ஆகிய மூன்றும் செய்வது அடிப்படையில் இதைத்தான்; வேறுபாடு வீரியத்தில்.

வளைகுடாவில் இந்த ஒரே நொதியைத் தாக்கும் பொருள்கள் பல வழிகளில் வந்து சேர்ந்தன. மணல் ஈக்களுக்கும் கொசுக்களுக்கும் கூடாரங்களில் பூச்சிக்கொல்லி அடித்தார்கள், டைக்குளோர்வாஸ் ஊறிய பட்டைகளைத் தொங்கவிட்டார்கள். நாய்களுக்குக் கட்டும் உண்ணிப்பட்டையை வாங்கித் தாங்களே கட்டிக்கொண்ட வீரர்களும் இருந்தார்கள். சோமன் என்ற நச்சுவாயுவுக்கு முன்காப்பாகச் சுமார் இரண்டரை லட்சம் பேர் பைரிடோஸ்டிக்மின் மாத்திரையை உட்கொண்டார்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, 30 மில்லிகிராம் என்பது விதி. மயஸ்தீனியா என்ற தசைத் தளர்ச்சி நோய்க்கு நம்மூர் மருந்துக்கடைகளிலும் கிடைக்கும் அதே மருந்துதான். சோமன் நொதியைப் பிடித்தால் சில நிமிடங்களில் அந்தப் பிடி மீட்க முடியாததாக இறுகிவிடும். எனவே நொதியின் ஒரு பகுதியைத் தற்காலிகமாக மாத்திரையே பிடித்துவைத்திருந்து பின்னர் விடுவிக்கட்டும் என்பது அந்த உத்தியின் தருக்கம். உத்தி சரிதான், ஆனால் அதே உடலில் அதே வேளையில் பூச்சிக்கொல்லியும் இருக்கும் என்பதை அது கணக்கில் கொள்ளவில்லை. 1996இல் டியூக் பல்கலைக்கழகத்தில் முகமது அபூ-டோனியா குழு கோழிகளுக்குப் பைரிடோஸ்டிக்மினையும், டீட், பெர்மெத்ரின் ஆகிய பூச்சி விரட்டிகளையும் சேர்த்துக் கொடுத்தபோது, தனித்தனியே கொடுத்ததைவிட நரம்புச் சேதம் கூடுதலாக இருந்தது.

சரின் பற்றிய செய்தி தாமதமாகத்தான் வந்தது. தென் இராக்கின் கமீசியா கிடங்கில் இருந்த ராக்கெட்டுகளை 1991 மார்ச்சில் அமெரிக்கப் பொறியாளர் படை வெடிவைத்துத் தகர்த்தது. அவற்றில் சரின் இருந்ததைப் பென்டகன் 1996இல்தான் ஒப்புக்கொண்டது. அந்த வாயு மேகத்தின் பாதையில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இருந்திருக்கலாம் என்பது பின்னர் போட்ட கணக்கு. வான்போர் தொடங்கிய ஜனவரியிலேயே நச்சுவாயு எச்சரிக்கைக் கருவிகள் அடிக்கடி அலறின. அவையெல்லாம் பொய்யான அலறல்கள் என்று அப்போது சொல்லப்பட்டது. செக்கோஸ்லோவாக்கியப் படையின் கண்டறிகருவிகளோ குறைந்த அளவில் நரம்பு நஞ்சு இருந்ததாகக் காட்டின.

சந்தேகத்துக்குரிய பொருள்கள் இத்தனை இருந்தும் ஆராய்ச்சி நகராமல் நின்றதற்குக் காரணம், யார்மீது எது எவ்வளவு பட்டது என்று யாரும் எழுதிவைக்கவில்லை என்பதே. மாத்திரை விழுங்கிய கணக்குகூட முறையாக இல்லை. ஆண்டுகள் கழித்து வீரர்களிடமே கேட்கலாம். ஆனால் நோயுற்றவர் தம் நோய்க்குக் காரணம் தேடிப் பழையதைத் துருவித் துருவி நினைவுகூர்வார், நலமாக இருப்பவர் மறந்திருப்பார். இந்தக் கோணலை நீக்காதவரை, நச்சுவாயுவுக்கும் நோய்க்கும் தொடர்பு தெரிகிறது என்று எந்தக் கேள்வித்தாள் ஆய்வு சொன்னாலும் எதிர்த்தரப்பு அதைத் தள்ளிவிட முடியும், தள்ளியும் விட்டது.

இப்படிப்பட்ட ஆராய்ச்சியில் எந்த மருந்து நிறுவனமும் பணம் போடாது, ஏனெனில் விற்பதற்கு எதுவும் இல்லை. சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956இல் தொடங்கப்பட்டபோது கேட்ட கேள்வியும் இந்த வகைதான்: காசநோயாளியைச் சானடோரியத்தில் வைக்காமல் வீட்டிலேயே வைத்து மருத்துவம் பார்த்தால் போதுமா? அரசுப் பணம்தான் அதற்குப் போதும் என்ற விடையைக் கொடுத்தது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் நலத்துறையும் பாதுகாப்புத் துறையும் வளைகுடா ஆராய்ச்சிக்கு நிதி தருகின்றன. பாதுகாப்புத் துறையின் தனித் திட்டம் 2006இல் தொடங்கி 2021 நிதியாண்டு வரை நடந்தது. அதன் மதிப்பீட்டுக் குழுக்களில் விஞ்ஞானிகளோடு நோயுற்ற முன்னாள் வீரர்களும் சமமான வாக்குரிமையோடு அமர்ந்தார்கள். வீரர்களை அங்கே அனுப்பிய துறையே ஆராய்ச்சிக்கும் பணம் தருவது நெருடலான ஏற்பாடுதான். அதற்கு ஓரளவு மாற்றாக இந்த வாக்குரிமை இருந்தது என்பது என் எண்ணம்.

அந்தப் பணத்தின் ஒரு பகுதி தவறான வழிகளை அடைக்கப் பயன்பட்டது. மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர்த் தொற்றுதான் காரணம் என்ற பேச்சு பரவியபோது, 491 முன்னாள் வீரர்களுக்கு ஓராண்டு டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியோ போலி மாத்திரையோ கொடுத்துப் பார்த்து, நிலைத்த பயன் இல்லை என்று 2004இல் அறிவித்தார்கள். யுரேனியக் குண்டுத் துகள்மீதான சந்தேகம் 2021இல் வலுவிழந்தது. பிரிட்டனின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு 154 பேரின் சிறுநீரில் யுரேனிய ஐசோடோப்பு விகிதத்தை அளந்தும், அத்துகள் உடலில் புகுந்ததற்கான தடயம் கிடைக்கவில்லை.

நினைவுக் கோணலைத் தாண்ட வழி காட்டியது ஒரு மரபணு. இரத்தத்தில் பாராக்சோனேஸ் என்னும் நொதி ஆர்கனோபாஸ்பேட்டுகளைச் சிதைக்கிறது. அதைத் தரும் பான்-1 மரபணுவில் 192ஆவது இடத்தில் கியூ, ஆர் என இரு வகைகள் உண்டு. பாரத்தியான் பூச்சிமருந்திலிருந்து பிறக்கும் பாராக்சானை ஆர் வகை வேகமாக அழிக்கும், ஆனால் சரினுக்கு முன் அது மந்தமானது. கியூ வகை சரினை நன்றாகச் சிதைக்கும். ஒரு நஞ்சுக்கு நல்ல காவலன் இன்னொன்றுக்குக் காவலன் அல்லன். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று கருவிலேயே குலுக்கல் சீட்டுபோல விழுந்துவிடும் இந்த வகை, ஒருவர் எந்தப் படைப்பிரிவில் இருந்தார், என்ன நினைவுகூர்கிறார் என்பதோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதது. தமக்கு விழுந்த வகை எதுவென்று எந்த வீரருக்கும் தெரியாது. ஆகவே மறதியும் மிகைப்படுத்தலும் எல்லா வகையினரிடமும் ஒரே அளவில்தான் இருக்க முடியும். எச்சரிக்கை ஒலியைக் கேட்டதற்கும் நோய்க்கும் இடையிலான தொடர்பு ஆர் வகையினரிடம் கூடுதலாகத் தெரிந்தால், அந்த வேறுபாட்டை நினைவின் தலையில் சுமத்த முடியாது.

டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் தென்மேற்கு மருத்துவ மையத்தில் ராபர்ட் ஹேலி இந்தத் தடத்தை 1999லேயே சிறு அளவில் தொட்டிருந்தார். 2022இல் வெளிவந்த ஆய்வில், எட்டாயிரம் பேர் கொண்ட தேசிய மாதிரியிலிருந்து நோயுற்ற 508 பேரையும் நோயற்ற 508 பேரையும் எடுத்து மரபணுவைப் பார்த்தார்கள். நச்சுவாயு எச்சரிக்கை ஒலியைக் கேட்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு, கேட்காதவர்களோடு ஒப்பிட, இரண்டும் கியூவாக உள்ளோரில் 3.75 மடங்கு, கலந்திருப்போரில் 4.43 மடங்கு, இரண்டும் ஆராக உள்ளோரில் 8.91 மடங்கு என்று படிப்படியாக ஏறியது. நொதியின் திறன் இறங்க இறங்க ஆபத்து ஏறும் இந்த வரிசைதான், சரின் என்ற விடைக்கு இதுவரை கிடைத்தவற்றுள் வலுவான சான்று என்று நான் கருதுகிறேன்.

இதனால் வழக்கு முடிந்துவிடவில்லை. எச்சரிக்கை ஒலி என்பது நஞ்சின் அளவு அன்று. கேட்டதாகச் சொன்னதுதான் தரவு. 2008இல் அரசின் ஆலோசனைக் குழு பைரிடோஸ்டிக்மினையும் பூச்சிக்கொல்லிகளையும் காரணமாகச் சுட்டியது. 2016இல் தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கையோ எந்தக் குறிப்பிட்ட பொருளையும் சுட்டப் போதிய சான்று இல்லை என்றது. பல பொருள்கள் சேர்ந்தே வேலை செய்திருக்கலாம்.

நொதி சில வாரங்களில் புதிதாக உற்பத்தியாகிவிடும்போது நோய் மட்டும் ஏன் முப்பது ஆண்டுகள் நீடிக்கிறது? ஜேம்ஸ் ஓ'கலகன் குழு 2015இல் வெளியிட்ட எலிச் சோதனை இங்கே கவனிக்கத்தக்கது. மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிகோஸ்டீரோனை முன்கூட்டியே கொடுத்து, பிறகு சரினுக்கு மாற்றாக டி.எஃப்.பி. என்ற ஆர்கனோபாஸ்பேட்டைச் செலுத்தியபோது, எலிகளின் மூளையில் அழற்சி பல மடங்காகப் பெருகியது. வழக்கமாக அழற்சியைத் தணிக்கும் ஹார்மோன் இங்கே அதற்குத் தூபம் போட்டது. மன அழுத்தமா, நஞ்சா என்று பத்தாண்டுகள் நடந்த வாதத்தில் இரண்டும் ஒரே பக்கம் நின்றிருக்கக்கூடும்.

இந்த அனுபவத்திலிருந்து அமெரிக்கா 1997இல் ஒரு சட்டம் செய்தது: களத்துக்கு அனுப்புவதற்கு முன்னும் திரும்பிய பின்னும் படையினரைப் பரிசோதித்து, இரத்த மாதிரியும் எடுத்துவைக்க வேண்டும். படைக்கு வெளியேயும் இந்த வழக்கம் உண்டு. கலிபோர்னியாவில் ஆர்கனோபாஸ்பேட் மருந்தைக் கையாளும் தொழிலாளர்களுக்கு 1974 முதல் கோலினெஸ்டரேஸ் இரத்தப் பரிசோதனை கட்டாயம். இந்த நொதியின் இயல்பான அளவு ஆளுக்கு ஆள் வெகுவாக மாறுவதால், நோயுற்ற பிறகு எடுக்கும் ஓர் அளவீடு தனியாக எதையும் சொல்லாது. மருந்தடிக்கும் பருவம் தொடங்குமுன் எடுத்த அவரவர் சொந்த அளவோடுதான் ஒப்பிட வேண்டும். சிவப்பணு நொதி அந்த அளவில் 70 விழுக்காட்டுக்கு இறங்கினால் தொழிலாளியை அந்த வேலையிலிருந்து விலக்கிவைக்கிறார்கள். செங்கல்பட்டு வயல்களில் முதுகில் தெளிப்பானைச் சுமப்பவருக்கும், சென்னையின் மழைநீர் வடிகால்களில் அபேட் என்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்தை ஊற்றும் கொசு ஒழிப்புப் பணியாளருக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்ய ஒரு சொட்டு இரத்தமும் பருவத்துக்கு முந்தைய ஒரு நாளும் போதும்.