ஜெர்மனி அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணமில்லாப் படிப்பு: எது இலவசம், எதற்குப் பணம் வேண்டும், எங்கே சறுக்குகிறது

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டு மாணவர்களிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. இது உதவித்தொகை அல்ல, தனியாக விண்ணப்பிக்க வேண்டியதும் இல்லை. சேர்க்கை கிடைத்தால் போதும்.

உயர்கல்வி அங்கே மாநிலங்களின் பொறுப்பு. 2005 ஜனவரியில் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம், கட்டணம் கூடாது என்ற மத்திய அரசின் தடையை நீக்கியது. அதன் பிறகு பல மாநிலங்கள் பருவத்துக்கு (செமஸ்டருக்கு) 500 யூரோ அளவில் வசூலிக்கத் தொடங்கின. எதிர்ப்பு வலுக்கவே ஒவ்வொன்றாகக் கைவிட்டன. கடைசியாக லோயர் சாக்சனி 2014-ல் நிறுத்தியது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதால்தான் விதிவிலக்குகளைத் தெரிந்துகொள்வது அவசியமாகிறது.

பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. நம் மாணவர்கள் அதிகம் விரும்பும் ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹ, ஹைடெல்பெர்க், ஃப்ரைபுர்க் எல்லாம் இந்த மாநிலத்தில்தான் இருக்கின்றன. பவேரியாவில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து புதிதாகச் சேர்வோரிடம் இளநிலைக்குப் பருவத்துக்கு 2,000 முதல் 3,000 யூரோவும், முதுநிலைக்கு 4,000 முதல் 6,000 யூரோவும் கேட்கிறது. "மியூனிக்கில் இலவசம்" என்று சொல்லும் பழைய காணொளிகளை நம்பித் திட்டமிட வேண்டாம். பணியில் இருப்போருக்கான தொடர்கல்வி முதுநிலைப் படிப்புகளுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களிலும் கட்டணம் உண்டு.

கட்டணம் இல்லாத இடத்திலும் ஒவ்வொரு பருவத்துக்கும் 'செமஸ்டர் பைட்ராக்' என்ற பங்களிப்புத் தொகை கட்ட வேண்டும். ஊரைப் பொறுத்து 100 முதல் 400 யூரோ வரை வரும். பல இடங்களில் பேருந்து, ரயில் பயண அட்டையும் இதிலேயே அடங்கிவிடும்.

அரசா, தனியாரா?

பெற்றோர் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஜெர்மனியில் தனியார் கல்லூரிகளும் உண்டு; அங்கே ஆண்டுக்குப் பத்தாயிரம் யூரோவுக்கு மேல் கட்டணம் போவது சாதாரணம். ஒரு கல்லூரியின் பெயருக்குக் கீழே 'ஷ்டாட்லிஷ்' என்று இருந்தால் அது அரசு நிறுவனம். 'ஷ்டாட்லிஷ் ஆன்எர்கான்ட்' என்று இருந்தால் அரசு அங்கீகாரம் பெற்றது என்றுதான் பொருள். அது தனியாராகவோ தேவாலயம் நடத்துவதாகவோ இருக்கும். "அரசு அங்கீகாரம் உண்டு" என்று முகவர் சொன்னால் அது பொய்யாக இருக்காது, ஆனால் கட்டணம் இல்லை என்றும் ஆகாது. சேர்க்கைக்குத் தரகு கொடுப்பது பெரும்பாலும் தனியார் கல்லூரிகள்தான் என்பதால், இலவச ஆலோசனை தரும் முகவர் அந்தப் பக்கமே இழுப்பார். 'ஹோக்ஷூல்கொம்பாஸ்' இணையதளத்தில் நிறுவனத்தின் வகையையும், டிஏஏடி என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் படிப்புத் தேடலில் கட்டண விவரத்தையும் நீங்களே பார்த்துவிடலாம்.

கையில் காட்ட வேண்டிய பணம்

கட்டணம் இல்லை என்பதால் செலவும் இல்லை என்று நினைத்துக் கிளம்பினால் விசா கட்டத்தில் நின்றுவிடும். முதல் ஆண்டு வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டியே ஆக வேண்டும். 2024 செப்டம்பரில் இந்தத் தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது. இதை 'ஷ்பெர்கோன்டோ' எனப்படும் முடக்கக் கணக்கில் போட வேண்டும். ஜெர்மனி போய்ச் சேர்ந்து அங்கே வங்கிக் கணக்கு திறந்த பிறகு மாதம் 992 யூரோ மட்டும் விடுவிப்பார்கள். ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்தாலே ஏறக்குறைய 12 லட்சம். விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள தொகையைத் தூதரகப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வப்போது உயர்த்துகிறார்கள். கணக்குத் திறக்கும் கட்டணமும் இடையிலுள்ள வங்கி பிடிக்கும் தொகையும் தனி. 11,904-ஐ மட்டும் துல்லியமாக அனுப்பி, நூறு யூரோ குறைந்து போய்ச் சேர்ந்ததால் உறுதிச் சான்று வராமல் தவிப்பவர்கள் உண்டு. கொஞ்சம் கூட்டியே அனுப்புங்கள்.

ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால், மிகுதித் தொகைக்கு வங்கி டிசிஎஸ் வரி (பணம் அனுப்பும்போதே வசூலிக்கும் முன்வரி) பிடிக்கும். அது அனுப்புபவரின் பான் எண்ணில் ஏறும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது ஈடுகட்டலாம், திரும்பவும் பெறலாம். வங்கிக் கல்விக் கடனிலிருந்து அனுப்பினால் இந்தப் பிடித்தமே இல்லை. முடக்கக் கணக்குக்குப் பதிலாக, ஏற்றுக்கொள்ளப்பட்ட உதவித்தொகைக் கடிதத்தையோ, ஜெர்மனியில் வசிக்கும் ஒருவர் அங்குள்ள குடியேற்ற அலுவலகத்தில் எழுதித்தரும் பொறுப்பேற்பு உறுதிமொழியையோ காட்டலாம்.

யார் சேரலாம்?

பிளஸ் டூ முடித்த கையோடு நேரடியாக இளநிலையில் சேர்வது நம் மாணவர்களுக்கு எளிதல்ல. இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் ஓராண்டு வெற்றிகரமாகப் படித்திருந்தால் அதே துறையில் சேரும் வழி உண்டு. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியவர்களுக்குப் பொறியியல், அறிவியல் படிப்புகளில் வாய்ப்பு உண்டு. மற்றவர்கள் 'ஷ்டூடியன்கொலெக்' என்ற ஓராண்டு ஆயத்தப் படிப்பில் சேர்ந்து, அதன் இறுதித் தேர்வில் தேற வேண்டும். இதற்கே நுழைவுத் தேர்வு உண்டு, அதுவும் ஜெர்மன் மொழியில். இளநிலைப் படிப்புகள் பெரும்பாலும் ஜெர்மனில் நடப்பதால் சி1 எனப்படும் உயர்நிலை மொழியறிவு கேட்பார்கள். அதனால்தான் இங்கிருந்து போவோரில் பெரும்பாலோர் ஆங்கிலவழி முதுநிலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

முதுநிலைக்கு மதிப்பெண்ணை ஜெர்மன் அளவுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். அங்கே 1.0 மிகச் சிறந்தது, 4.0 கடைசித் தேர்ச்சி. உச்ச மதிப்பிலிருந்து உங்கள் மதிப்பைக் கழியுங்கள். உச்ச மதிப்புக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுங்கள். 3-ஆல் பெருக்கி 1 கூட்டுங்கள். 10-க்கு 8 சிஜிபிஏ, தேர்ச்சி மதிப்பு 5 என்றால் 2.2 வரும். அதே 8-க்குத் தேர்ச்சி மதிப்பு 6 என்றால் 2.5 ஆகிவிடும். 2.5-ஐ எல்லையாக வைக்கும் படிப்புகள் ஏராளம் என்பதால், உங்கள் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கம் அச்சிட்டுள்ள குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பு சேர்க்கையையே தீர்மானித்துவிடலாம். முதலில் அதைப் பாருங்கள்.

மதிப்பெண் நன்றாக இருந்தும் நிராகரிக்கப்படுவோரில் பலருக்குக் காரணம் பாடப்பொருத்தம். கணிதத்தில் இத்தனை, நிரலாக்கத்தில் இத்தனை கிரெடிட் வேண்டும் என்று பல்கலைக்கழகம் எழுதி வைத்திருக்கும். மெக்கானிக்கல் முடித்தவர் கணினி அறிவியலுக்கு விண்ணப்பித்தால், நோக்க அறிக்கை எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. உங்கள் பாடத்திட்டத்தை அவர்களின் பாடக் கையேட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்ட பிறகே பணம் கட்டுங்கள்.

எப்போது தொடங்குவது?

அக்டோபரில் வகுப்புக்குப் போக, முந்தைய ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே வேலை தொடங்க வேண்டும். முதலில் ஏபிஎஸ் சான்றிதழ். இந்தியச் சான்றிதழ்கள் உண்மையானவைதானா என்று சரிபார்க்கும் பிரிவு இது, புதுடெல்லியில் இயங்குகிறது. 2022 நவம்பர் முதல் மாணவர் விசாவுக்கு இது கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். இறுதியாண்டில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். கூட்டம் அதிகமான மாதங்களில் சான்று வரத் தாமதமாகும். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடேயே இதைக் கேட்பதால், இது இல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாமல் போகலாம்.

குளிர்காலப் பருவத்துக்கான பொதுக் கடைசி நாள் ஜூலை 15. ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்கான முதுநிலைப் படிப்புகளில் மே 31, மார்ச் 31, ஏன், மார்ச் 1 கூட உண்டு. பல பல்கலைக்கழகங்கள், வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பொது அமைப்பான 'யூனி அசிஸ்ட்' வழியாகவே விண்ணப்பம் வாங்குகின்றன. அங்கே முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் கூடுதலான ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. பணம் வந்து சேரும்வரை அவர்கள் கோப்பைத் திறக்க மாட்டார்கள், திறந்து சரிபார்க்கவும் பல வாரம் ஆகும். 'ஃபாவ் பே டே' என்ற முன்சரிபார்ப்பு ஆவணம் கேட்கும் பல்கலைக்கழகமாக இருந்தால் இன்னும் ஒன்றரை மாதம் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.

விசாவுக்குக் கட்டணம் 75 யூரோ. முடிவு வர மூன்று மாதம்வரை ஆகலாம் என்று கணக்கிட்டுத் திட்டமிடுங்கள். 2025 ஜூலை 1 முதல் ஒரு முக்கியமான மாற்றம்: விசா மறுக்கப்பட்டால் தூதரகத்துக்கே கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்கும் வழியை மூடிவிட்டார்கள். புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது ஜெர்மன் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். விடுபட்ட ஆவணத்தைப் பிறகு அனுப்பிச் சமாளிக்கலாம் என்று இருக்காதீர்கள்.

போய்ச் சேர்ந்த பின்

மாணவர் விடுதிக்குச் சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பியுங்கள். பெரிய நகரங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளமானது. வீடு கிடைத்ததும் இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதன் பின்னாலேயே வானொலி, தொலைக்காட்சிப் பங்களிப்புக்கான கடிதம் வரும்: ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. பெட்டியே இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. ஆனால் ஒரே வீட்டைப் பகிர்வோரில் ஒருவர் கட்டினால் போதும்.

மருத்துவக் காப்பீட்டில் அவசரப்பட வேண்டாம். 30 வயதுக்குக் கீழ் இருந்தால் பொதுக் காப்பீட்டில் மாணவர் சலுகை விலை உண்டு. மாதம் 30, 40 யூரோவுக்குத் தனியார் காப்பீடு கிடைக்கிறதே என்று அதில் சேர்ந்து பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால், படிப்பு முடியும்வரை திரும்ப முடியாது. பிறகு பெரிய நோய் வந்தால் அந்த மலிவு விலை எதற்கும் உதவாது.

வேலை பார்க்க ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி. 2024 மார்ச்சுக்கு முன் இது 120, 240 ஆக இருந்தது. பல்கலைக்கழகத்திலேயே உதவியாளராகச் செய்யும் வேலை இந்தக் கணக்கில் சேராது, எனவே முதலில் பேராசிரியர்களின் அறிவிப்புகளைத் தேடுங்கள். சுயதொழில் ஒப்பந்தத்தில் செய்யும் வேலைக்கு, உணவு விநியோகம் உட்பட, தனி அனுமதி வேண்டும். முதல் ஆண்டுச் செலவைச் சம்பாதித்தே சமாளிக்கலாம் என்ற நம்பிக்கையில் கடன் வாங்கிக் கிளம்புவது ஆபத்து. மொழி தெரியாமல் முதல் சில மாதங்களில் வேலை கிடைப்பது கடினம்.

படிப்பு முடிந்ததும், தகுதிக்கேற்ற வேலை தேட 18 மாதம் தங்க அனுமதி பெறலாம். அந்தக் காலத்தில் எந்த வேலையும் செய்யலாம். ஆனால் பல்கலைக்கழகப் பதிவு முடியும்போது மாணவர் காப்பீட்டு விலையும் முடிந்துவிடும். அதன் பிறகான மாதங்களுக்கான காப்பீட்டுச் செலவைக் கடைசிப் பருவத்திலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.