பட்டத்தில் எத்தனை புளியங்கொட்டை?

அக்கா மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வால் வைத்த பட்டம் ஒன்றை வரைந்து, கீழே "படம்" என்று எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள். "இது என்ன?" என்றேன். "பட்டம்" என்றாள். எழுதியதை விரல் வைத்துப் படிக்கச் சொன்னேன். விரல் ப, ட, ம் என்று மூன்று எழுத்துகளின் மேல் போனது. வாய் "பட்டம்" என்றே சொன்னது. நடுவில் இருக்க வேண்டிய 'ட்' அவள் வாயில் இருந்தது. காதில் விழவில்லை.

சிவப்பு மையால் திருத்தினால் அந்த ஒரு சொல் திருந்தும். நாளைக்குப் "பாட்டு" என்பதைப் "பாடு" என்று எழுதுவாள். அதனால் தரையில் சாக்பீஸால் நான்கு கட்டம் போட்டு, ஒரு பிடி புளியங்கொட்டையை அவள் கையில் கொடுத்தேன். சொல்லை மெதுவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு எழுத்தின் ஒலிக்கும் ஒரு கொட்டையைக் கட்டத்துக்குள் தள்ள வேண்டும். ப, ஒரு கொட்டை. ட, ஒரு கொட்டை. ம், ஒரு கொட்டை. ஒரு கட்டம் காலியாக நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இன்னும் மெதுவாக, "பட்..." என்று தொடங்கி அப்படியே நின்றுவிட்டாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பதை அவளே கண்டுபிடித்துவிட்டாள். நான்காவது கொட்டை கட்டத்துக்குள் போனது.

இந்தக் கட்ட விளையாட்டு என் கண்டுபிடிப்பல்ல. சோவியத் உளவியலாளர் தானியில் எல்கோனின் குழந்தைகளுக்கு வாசிப்பைக் கற்றுத்தர உருவாக்கிய முறை இது. இன்றும் பல நாடுகளின் ஆசிரியர்கள் இதை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். ஒரு படம், அதன் கீழே சில கட்டங்கள், கையில் சில வில்லைகள். இவ்வளவு எளிய ஒன்று ஏன் வேலை செய்கிறது என்பதுதான் வியப்பு.

பேச்சில் எழுத்துகள் கிடையாது. எழுதப் படிக்கத் தெரிந்த நமக்கு இதை நம்புவது கடினம். "கீரை" என்றும் "கூரை" என்றும் சொல்லத் தொடங்கி, ஒலி வருமுன்னே நிறுத்திப் பாருங்கள். "கூரை"க்கு உதடு முன்பே குவிந்துவிட்டிருக்கும். 'க்' முடிந்து 'ஊ' தொடங்குவதில்லை. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கலந்தே வருகின்றன. பூவைத் தனித்தனியாகப் பார்க்க முடிந்த மாலை அல்ல பேச்சு. அரைத்து வைத்த சட்னி. அதில் தேங்காய் எது, மிளகாய் எது என்று பிரித்துக் காட்டுவதைத்தான் ஐந்து வயதுக் குழந்தையிடம் கேட்கிறோம்.

இந்தப் பிரிக்கும் திறன் வயதானால் தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. 1979இல் ஜோசே மொராய்ஸ் குழுவினர் போர்ச்சுகலில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு சொல்லின் முதல் ஒலியை நீக்கிச் சொல்ல வேண்டும், அல்லது புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். பெரும்பாலோரால் முடியவில்லை. அதே பின்னணியிலிருந்து வந்து, வளர்ந்த பிறகு படிக்கக் கற்றவர்களால் முடிந்தது. வாழ்நாள் முழுவதும் சரளமாகப் பேசியவர்களுக்கும் அந்த ஒலிகள் தனித்தனியாகக் கேட்கவில்லை. எழுத்துதான் காதைத் திறக்கிறது. காது திறந்தால்தான் எழுத்தும் பிடிபடுகிறது. இந்தச் சிக்கலில் குழந்தைக்குக் கை கொடுப்பது கைதான். ஒலி வந்த வேகத்தில் மறைந்துவிடும். புளியங்கொட்டை மறையாது, போட்ட இடத்தில் கிடக்கும். காலிக் கட்டம் "இங்கே ஒன்று விட்டுப்போயிற்று" என்று காட்டிக்கொண்டே இருக்கும்.

ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகள், ஏறத்தாழ 44 ஒலிகள். அங்கே ஒலிவழி வாசிப்பில் ஒரு கொட்டைக்கு ஒரு தனி ஒலி. தமிழில் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 'கா' என்பது ஓர் எழுத்து. ஆனால் உள்ளே க், ஆ என்று இரண்டு ஒலிகள். நம் குழந்தைகள் "காகம்" என்பதைக் கைதட்டி கா, க, ம் என்று எளிதாகப் பிரித்துவிடுவார்கள். 'கா'வுக்குள் இருக்கும் பிளவுதான் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது தெரியாத குழந்தைக்கு 247 எழுத்துகளும் 247 தனித்தனிப் படங்கள். நம்மைப் போலவே உயிர்மெய் அமைப்புள்ள கன்னடத்தில் சொனாலி நாக் செய்த ஆய்வுகள் இதைக் காட்டின: ஆங்கிலம் போன்ற மொழிகளில் எழுத்துகளைக் கற்றுமுடிக்க ஆகும் காலத்தைவிட இங்கே அதிகக் காலம் ஆகிறது, தனி ஒலிகளைப் பற்றிய உணர்வும் தாமதமாகவே வருகிறது. மூன்றாம் வகுப்பில் ஒரு குழந்தை எழுத்துக்கூட்டித் தடுமாறினால், உடனே அதை மந்தம் என்று சொல்லிவிடுகிறோம். மனசு பொறுக்கவில்லை. அந்தக் குழந்தை பாதி வழியில் இருக்கிறது, அவ்வளவுதான்.

உயிர்மெய்யைப் பிளந்து காட்ட ஒரு நெருப்புப் பெட்டி போதும். மேலுறையில் 'ம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிறு சன்னல் வெட்டிக்கொள்ளுங்கள். அ முதல் ஔ வரை எழுதிய காகிதப் பட்டையை உள்ளே செருகி, சன்னல் வழியே ஒவ்வோர் உயிராகத் தெரியும்படி இழுக்க வேண்டும். குழந்தை இழுக்கும்போதே "ம்ம்ம்ம்...ஆ" என்று ஒலியை நீட்டிச் சொல்ல வேண்டும். ம், ல், ன் போன்றவற்றில் தொடங்குவது நல்லது; மூச்சு உள்ளவரை இவற்றை நீட்டலாம், உயிரின் மேல் வழுக்கி ஏறும். க், ட், ப் ஆகியவற்றை நீட்ட முடியாது, வெடித்து முடிந்துவிடும். அவை பிறகு வரட்டும். நம் வகுப்பறைகளில் "இக், இங், இச்" என்று ஓதும் பழக்கம் இங்கேதான் குறுக்கே நிற்கிறது. 'இப்'பையும் 'ஆ'வையும் சேர்த்தால் குழந்தையின் காதுக்கு "இப்பா" என்றுதான் கேட்கும். "பா" எங்கிருந்து வரும்?

'கொ' இன்னொரு முள். ஒலியில் 'ஒ' பின்னால் வருகிறது. எழுத்தில் அதன் குறி ககரத்தின் முன்னும் பின்னும் நிற்கிறது. இடமிருந்து வலமாகப் படிக்கும் குழந்தை முதலில் 'கெ' என்று தொடங்கி, பிறகு கால் ஒன்று வந்து நிற்பதைப் பார்த்துத் திகைக்கிறது. கொம்பையும் காலையும் தனித்தனி அட்டையாக வெட்டி, இரண்டு கையிலும் ஒன்றொன்றாகக் கொடுத்து, "ஒ" என்று சொல்லிக்கொண்டே ஒரே நேரத்தில் ககரத்தின் இருபுறமும் வைக்கச் சொல்லுங்கள். அது இரண்டு குறியல்ல, ஒரே ஒலியின் இரண்டு கைகள் என்பது நான்கைந்து முறையிலேயே பதிந்துவிடுகிறது. உகர, ஊகார வரிசைக்கு இப்படி ஒரு வழி எனக்குத் தெரிந்து இல்லை. கு, டு, பு, ரு எல்லாம் தனித்தனி உரு. பழகித்தான் ஆக வேண்டும். ஒருகாலத்தில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். 1978இல் தமிழ்நாடு அரசு செய்த எழுத்துச் சீர்திருத்தத்தில்தான் ணா, றா, னை, லை போன்ற 13 எழுத்துகள் தனி உருவத்தைக் கைவிட்டு மற்ற எழுத்துகளின் வரிசைக்கு வந்தன.

குறில், நெடிலுக்குப் பொருள் எதுவும் வேண்டியதில்லை, விரல் போதும். கண்ணிமைப்பதும் கைநொடிப்பதும்தான் மாத்திரையின் அளவு என்று நம் இலக்கணம் வகுத்திருக்கிறது. "கல்"லுக்கு ஒரு நொடிப்பு, "கால்" என்றால் இரண்டு. குழந்தைகள் இதைப் பாடமாகவே நினைப்பதில்லை.

அடுத்து மணல். 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தினரின் ஆதரவற்ற ஆண் குழந்தைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், அருகில் ஒரு நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதைக் கண்டார். தன் பள்ளியின் ஆங்கில எழுத்துகளுக்கும் அதையே கொண்டுவந்தார். 1797இல் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். அது "மதராஸ் முறை" என்ற பெயரில் இங்கிலாந்துக்குப் போயிற்று. நம் திண்ணைப் பள்ளியின் மணல், கடல் தாண்டி ஆங்கிலேயக் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது. 1907இல் ரோமில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டி விரலால் தடவச் செய்தார். அவரே 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் சில காலம் தங்கினார்.

தடவினால் என்ன நடக்கிறது? முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் மூளைப் பகுதிகளை ஒட்டி, இடப்பக்கம் சற்றுக் கீழே, எழுத்துக்கென்று ஒரு சிறு இடம் படிக்கக் கற்ற பிறகு உருவாகிறது. எழுத்து தோன்றி ஐயாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கென்று மூளை பரிணமிக்க நேரமில்லை. இருப்பதையே மாற்றிப் பயன்படுத்திக்கொள்கிறது என்கிறார் பிரெஞ்சு நரம்பியலாளர் ஸ்தனிஸ்லாஸ் தெயன். ஆனால் அந்தப் பகுதிக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு: வலப்பக்கம் பார்க்கும் மாடும் இடப்பக்கம் பார்க்கும் மாடும் ஒரே மாடுதான். அதனால்தான் பல குழந்தைகள் ஆரம்பத்தில் 'ட'வைத் திருப்பிப் போடுகிறார்கள். அதைக் கோளாறு என்று பயப்பட வேண்டாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தாலும் விரல் போகும் திசை வேறு. கை அந்த வேற்றுமையைக் கண்ணுக்குச் சொல்லித்தருகிறது. 2004இல் பிரான்சில் நடந்த ஓர் ஆய்வில், எழுத்தை விரலால் தடவிக் கற்ற சிறு குழந்தைகள், பார்த்து மட்டுமே கற்றவர்களைவிடப் புதிய சொற்களை நன்றாகக் கூட்டிப் படித்தார்கள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. 2012இல் கரின் ஜேம்ஸ் அமெரிக்காவில், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளை எழுத்துகளைத் தாமாக எழுதவும், புள்ளிக்கோட்டின் மேல் வரையவும், விசைப்பலகையில் தட்டவும் செய்து, பிறகு மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார். தாமாக எழுதிய எழுத்துகளைப் பார்த்தபோதுதான் வாசிப்புக்கான பகுதிகள் நன்றாகத் துலங்கின. குழந்தை தன் கையால் எழுதும் 'அ' ஒவ்வொரு முறையும் கோணலாக, வேறு வேறாக வருகிறது. எது மாறலாம், எது மாறக்கூடாது என்பதை மூளை அந்தக் கோணல்களிலிருந்தே பிரித்தெடுக்கிறது என்பது அவர் தரும் விளக்கம். ஆகவே உப்புத்தாள் தொடக்கம்தான். தடவியபின் அட்டையை மறைத்துவிட்டு மணலிலோ அரிசியிலோ தானாக எழுதவிட வேண்டும். தவறினால் கையால் கலைத்துவிடலாம். அழிப்பான் தேட வேண்டாம், யாரும் பார்க்கவும் மாட்டார்கள். எழுதும்போது வாய் அந்த ஒலியைச் சொல்ல வேண்டும். இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். 'ப' வடிவத்தில் பஞ்சு ஒட்டுவதும் வண்ணம் தீட்டுவதும் அழகுதான், ஆனால் அந்த நேரத்தில் குழந்தையின் மனம் பசையில் இருக்கிறது, ஒலியில் இல்லை. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் பல ஆய்வுகளைத் தொகுத்தபோதும், ஒலிப் பயிற்சி எழுத்தோடு சேர்ந்து நடக்கும்போதுதான் பயன் அதிகம் என்றே கண்டது.

பிழையின்றி எழுதும் வேலை இதற்குப் பிறகுதான். ஒன்றாம் வகுப்பைக் குழப்பும் மூன்று னகரங்களுக்கு ஒரு கண்ணாடித் துண்டும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும். "வண்டி" என்று சொல்லி நாக்கைக் கவனிக்கச் சொல்லுங்கள்: 'ண்' சொல்ல மேலே மடிந்த நாக்கு அங்கேயே நின்று 'டி' சொல்கிறது. "பந்து" என்னும்போது இரண்டுக்கும் நாக்கு பல்லைத் தொடுகிறது. "கன்று" வேறோர் இடம். ஒரே இடத்தில் பிறக்கும் எழுத்துகள் இணையாகவே நிற்கும் என்பதால்தான் நம் நெடுங்கணக்கு க ங, ச ஞ, ட ண, த ந, ப ம என்று தொண்டையில் தொடங்கி உதட்டில் வந்து முடிகிறது. பழைய பெயர்களிலேயே விதி இருக்கிறது: டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். "மூன்று சுழி, இரண்டு சுழி" என்று சுழி எண்ணச் சொல்லித்தந்து இந்தப் பெயர்களைத் தொலைத்துவிட்டோமே என்று எனக்கு ஆற்றாமை உண்டு. இணை அட்டைகளைக் குப்புறக் கவிழ்த்து ஜோடி சேர்க்கும் விளையாட்டில் இதைக் கொண்டுவந்தால் ஒரு வாரத்தில் "வன்டி" போய்விடும்.

ஆனால் ர, ற பேச்சில் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ல, ள, ழ பல ஊர்களில் கலந்துவிட்டன. காதில் இல்லாத வேற்றுமையைக் கொட்டை காட்டாது. அங்கே சொற்குடும்பம்தான் கைகொடுக்கும்: துணியில் படிந்த கறையைக் "கறுப்பு" என்ற சொல்லோடு சேர்த்து வைத்தால், ஆற்றின் கரை தனியே நின்றுவிடும்.

போன வாரம் அக்கா மகள் "நண்பன்" என்ற சொல்லுக்குக் கொட்டை வைத்தாள். நான்கு கட்டம், அதில் மூன்று னகரங்களும் இருக்கின்றன என்று கண்டுபிடித்துக் குதித்தாள். உடனே முகம் மாறியது. "சித்தி, பக்கத்தில் ட இல்லையே, ப தானே இருக்கிறது. அப்புறம் ஏன் இதற்கு டண்ணகரம்?"

மணல் தட்டை இழுத்து, "நட்பு" என்று எழுதினேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, அதிலிருந்த 'ட்'டின் மேல் தன் விரலை வைத்தாள்.