ரிசீவர்: பெறுநரா, காப்பாளரா?

தகராறில் இருக்கும் சொத்தையோ கடன்பட்டவரின் சொத்தையோ பொறுப்பேற்று நிர்வகிக்க நீதிமன்றம் நியமிக்கும் ஆள்தான் ரிசீவர். திரும்ப வாங்குதல், ஏற்றல் என்று பொருள்படும் 'ரெசிபெரே' என்ற லத்தீன் வினை, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றம் வழக்கிலுள்ள நிலத்தின் குத்தகையையும் வாடகையையும் வாங்கி வைக்க ஆள் போட்டது. அந்த வேலையே பெயராயிற்று.

தமிழில் 'பெறுநர்' என்கிறார்கள். எனக்கு ஒட்டவில்லை. பள்ளியில் கடிதம் எழுதப் பழகியவர்களுக்குப் பெறுநர் என்றால் அனுப்புநரின் எதிர்ப்பக்கம் இருப்பவர்தானே! ரிசீவரோ வாடகை வசூலிப்பார், பழுது பார்ப்பார், நீதிமன்றம் அனுமதித்தால் விற்கவும் செய்வார்.

சரி, வகைகளுக்கு வருவோம். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 40ஆம் கட்டளைப்படி வருபவர் முதல் வகை. பெரும்பாலும் ஒரு வக்கீலையே போடுவார்கள். இவர் ஜாமீன் கொடுக்க வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும். வேண்டுமென்றோ படு அலட்சியத்தாலோ நட்டம் வரவைத்தால் இவருடைய சொந்தச் சொத்தே ஜப்தியாகும். அரசுக்கு வரி கட்டும் நிலமென்றால், கலெக்டரின் சம்மதத்தின் பேரில் அவரையே நியமிக்கலாம். தீர்ப்புக்குப் பின் கடனை வசூலிக்கவும் 51ஆம் பிரிவின்படி ரிசீவர் போடலாம். ஆனால் கேட்டவுடன் கிடைக்காது. ரிசீவர் நியமனத்துக்கான ஐந்து நெறிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 1950களில் ஒரு தீர்ப்பில் 'பஞ்ச சதாசாரம்' என்றே பெயரிட்டுத் தொகுத்தது. சொத்துக்கு உடனடி ஆபத்து உண்டா என்பது அதில் முக்கியமான கேள்வி.

இந்த ரிசீவர் சொத்தின் உரிமையாளர் அல்ல. சொத்து நீதிமன்றத்தின் பிடியில் இருக்கிறது, இவர் அதன் கை, அவ்வளவுதான்.

'ஐ.பி. கொடுத்துட்டான்', 'மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்' என்று ஊரில் சொல்வார்களே, அந்த நொடிப்பு வழக்கில், அதாவது திவால் வழக்கில், கதை வேறு. 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டப்படி, மனு விசாரணையில் இருக்கும்போது வருபவர் இடைக்கால ரிசீவர். நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவித்துவிட்டால் அவருடைய சொத்தின் உரிமையே நீதிமன்றத்துக்கோ ரிசீவருக்கோ போய்விடும். இந்த வேலைக்கென்றே அரசு நியமிப்பவர் அஃபிஷியல் ரிசீவர். சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களுக்கு 1909ஆம் ஆண்டின் தனிச்சட்டம். அங்கே அவர் அஃபிஷியல் அசைனி.

ஆகவே எல்லோருக்கும் ஒரே தமிழ்ச்சொல் போடுவது சரியல்ல. சொத்தைப் பார்த்துக்கொள்ள மட்டும் வருபவரைச் 'சொத்துக் காப்பாளர்' எனலாம், இடைக்காலத்தவர் 'இடைக்காலக் காப்பாளர்'. உரிமையே கைமாறி வருபவருக்குச் செய்தித்தாள்களில் அடிபடும் 'சொத்தாட்சியர்' பொருந்தும். கம்பெனியைக் கலைக்கும் லிக்விடேட்டர் இந்தக் கூட்டத்தில் சேராதவர். அவருக்குக் 'கலைப்பாளர்' என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது.