கிளட்ச் டிராக்: விடாப்பற்று

சிக்னலில் பைக் நிற்கிறது. கிளட்ச் லீவரை முழுக்கப் பிடித்தாயிற்று. முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவே கால் தட்டிக்கொண்டே இருக்கிறது, நியூட்ரலைக் (எந்தக் கியரும் பற்றாத நிலையை) காட்டும் பச்சை விளக்கு மட்டும் எரிய மாட்டேன் என்கிறது. பிரேக்கை விட்டால் வண்டி முன்னால் நகரப் பார்க்கிறது. இதைத்தான் 'கிளட்ச் டிராக்' என்கிறோம். பேச்சில் 'கிளட்ச் இழுக்குது'.

'கிளட்ச்' என்பதன் வேர் பழைய ஆங்கில வினை ஒன்று. விரல்களை மடக்கி இறுகப் பிடித்தல் என்பது அதன் பொருள். இயந்திரப் பெயரானது பிற்பாடு. தமிழில் 'உரசிணைப்பி' என்று எழுதுகிறோம். உராய்வால் இணைப்பது என்ற வகையில் சரியான சொல்தான்.

எனக்குச் சிக்கல் 'டிராக்' என்பதில். இழுத்தல் என்று நேராகப் பெயர்த்தால் பொருள் குழம்பும். 'வண்டி நல்லா இழுக்குது' என்பது நம் வாயில் பாராட்டு அல்லவா? தவிர, இழுபடுவது விளைவு. எஞ்சினையும் கியரையும் இணைக்கும் கிளட்ச் தகடுகள் ஒன்றையொன்று முழுதாக விடாததுதான் நோய். அதனால் 'விடாப்பற்று' என்றே சொல்லலாம் என்பது என் கருத்து. எதிர்நோயான 'கிளட்ச் ஸ்லிப்'பை, அதாவது எஞ்சின் கத்தியும் வேகம் ஏறாததை, 'வழுக்கல்' எனலாம். இரண்டையும் 'கிளட்ச் போச்சு' என்று ஒரே வாக்கில் சொல்லி, தேவையில்லாமல் பிளேட் மாற்றியவர்கள் நிறையப் பேர்.

'நியூட்ரல்' லத்தீன் வழி வந்தது. இரண்டில் எதுவும் அல்லாதது என்று பொருள். பகையும் நட்பும் அல்லாத நிலைக்குத் தமிழில் 'நொதுமல்' என்ற பழஞ்சொல் அப்படியே பொருந்தி நிற்கிறது. நடுநிலை என்றாலும் புரியும்.

கிளட்ச் விடாதபோது கியர் பற்கள் சுமையோடு ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும். அரைத் தட்டில் நழுவி வரவேண்டியவை, அந்த இறுக்கத்தில் நகராது. நகர்ந்தாலும் நொதுமலைத் தாண்டி அடுத்த கியருக்குப் போய்விடும்.

முதலில் பார்க்க வேண்டியது லீவரின் தளர்வு. பல வண்டிகளில் நுனியில் 10 முதல் 20 மி.மீ. அதற்கு மேல் ஆடினால் கேபிள் நீண்டிருக்கிறது, தகடுகள் போதுமான அளவு விலகவில்லை. கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். ஆயில் அளவுக்கு மீறினாலும், கெட்டியான ரகமாக இருந்தாலும் தகடுகள் ஒட்டும். காலையில் முதல் கியர் 'டக்'கென்று விழுவது அந்த ஒட்டலால்தான், அது நோயல்ல. சூடேறச் சூடேற மோசமானால் ஸ்டீல் பிளேட் கோணியிருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் தீரவில்லையா? தகடுகள் அடுக்கியிருக்கும் கிண்ணமான கிளட்ச் பாஸ்கெட்டைத் திறந்து, அதன் விரல் போன்ற நீட்சிகளின் பக்கவாட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பிரிக்ஷன் பிளேட்டின் (உராய்வுத் தகட்டின்) விளிம்பில் நீட்டிய காதுகள் இடித்து இடித்துப் பள்ளம் விழுந்திருந்தால் நகம் தடுக்கும். நகம் தடுக்கும் இடத்தில்தான் பிளேட்டும் மாட்டிக்கொள்கிறது. மடக்கிய விரலைக் குறித்த சொல், இங்கே விரலிலேயே பழுதாகிறது.

ஆனால் பாஸ்கெட்டைத் திறக்கும் முன்பே செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சினை அணைத்து, வண்டியை முன்னும் பின்னும் அசைத்தபடி நியூட்ரல் தேடுங்கள். சுலபமாக விழுந்தால் சந்தேகம் விடாப்பற்றின் மேல். அப்போதும் விழவில்லை என்றால் கிளட்சை விடுங்கள், கியர் மாற்றும் பகுதியைப் பாருங்கள்.